இருகட்சி ஆட்சிமுறையில் மூன்றாவது கட்சி ஏன் நிலைகொள்ள முடிவதில்லை?

கேள்வி — தேடல்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க, பிரித்தானியத் தேர்தல் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு ஒரு முரண்பாடு விளங்காமலே இருக்கிறது. 2023ஆம் ஆண்டு கேலப் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய கருத்துக்கணிப்பில், இரண்டு பெரிய கட்சிகளும் மக்களின் பிரதிநிதிகளாகச் சரிவரச் செயல்படவில்லை என்றும் மூன்றாவதாக ஒரு பெரிய கட்சி தேவை என்றும் 63 விழுக்காட்டினர் கூறினார்கள். ஆனால் அத்தனை பேர் வேண்டும் என்று சொன்ன ஒன்று, வாக்குகளை எண்ணும் நாளில் எங்கேயும் தென்படுவதில்லை.

ஆதரவு உண்மையாகவே திரண்ட தேர்தல்களிலும் இதே கதைதான். 1992இல் தொழிலதிபர் ராஸ் பெரோ எந்தக் கட்சியையும் சாராமல் அதிபர் தேர்தலில் நின்று 18.9 விழுக்காடு வாக்குகளை, அதாவது ஏறத்தாழ 1.97 கோடி வாக்குகளைப் பெற்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1983 பிரிட்டன் பொதுத்தேர்தலில் லிபரல் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து அமைத்த கூட்டணி 25.4 விழுக்காடு பெற்றும் 650 இடங்களில் 23ஐத்தான் வென்றது. அதைவிட இரண்டு விழுக்காடு மட்டுமே கூடுதலாகப் பெற்ற தொழிற்கட்சிக்கு 209 இடங்கள் கிடைத்தன.

இதற்குக் காரணம் வாக்காளர்களின் தயக்கமா, பணமும் ஊடகமுமா, அல்லது தேர்தல் விதிகளின் அமைப்பா? அமைப்புதான் காரணம் என்றால், ஒரு காலத்தில் சிறு கட்சியாக இருந்த தொழிற்கட்சியும், அமெரிக்காவின் குடியரசுக் கட்சியும் அந்தச் சுவரைத் தாண்டியது எப்படி? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி — எண்ணும் எழுத்தும்

நீங்கள் கொடுத்த இரண்டு எடுத்துக்காட்டுகளிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றியாளர், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை என்பதுதான் இந்த நாடுகளின் விதி. இரண்டாமிடத்துக்குப் பரிசு இல்லாத ஒரு போட்டியில் நாடு முழுவதும் பரவலாக இரண்டாமிடமோ மூன்றாமிடமோ பெறும் கட்சி, எத்தனை கோடி வாக்குகளை வாங்கினாலும் அவையிலே வெறுங்கையோடுதான் நிற்கும். பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரீஸ் துவெர்ஜே 1951இல் இதை ஒரு விதியாகவே வகுத்துச் சொன்னார். அவர் பிரித்துக் காட்டிய இரண்டு விளைவுகளையும் தனித்தனியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது விளைவு எந்திரம் போன்றது. யாருடைய மனநிலையையும் சார்ந்ததல்ல. வாக்குகளை இடங்களாக மாற்றும்போது பெரிய கட்சி கொழுக்கிறது, பரவிக் கிடக்கும் சிறிய கட்சி தேய்கிறது. இங்கே ஒரு கட்சிக்கு எத்தனை வாக்கு என்பதைவிட அந்த வாக்குகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலை இதற்குச் சான்றாகப் பார்க்கலாம். அந்த ஆண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களான ட்ரூமனுக்கும் டூயிக்கும் அப்பால் இருவர் கவனிக்கத்தக்க அளவில் போட்டியிட்டார்கள். தென்மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்களைக் காக்க வேண்டும் என்ற ஸ்ட்ராம் தர்மண்டும், இடதுசாரிச் சாய்வு கொண்ட ஹென்றி வாலஸும்தான் அந்த இருவர். இருவருமே ஏறத்தாழ 2.4 விழுக்காடு வாக்குகளையே பெற்றனர். தர்மண்டின் வாக்குகள் தெற்கே ஒரு சில மாநிலங்களில் குவிந்திருந்ததால் நான்கு மாநிலங்களை வென்று தேர்வாளர் குழுவில் 39 வாக்குகளைப் பெற்றார். வாலஸுக்கு நியூயார்க்கில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தும், அம்மாநிலத்தில் அது 8 விழுக்காட்டளவே என்பதால், அவருக்குக் கிடைத்தது பூச்சியம். நாட்டுக்கே பொதுவான ஒரு கொள்கையைப் பேசியவர் காணாமல் போனார். ஒரு வட்டாரத்தின் கோபத்தைப் பேசியவருக்கு இடம் கிடைத்தது. 2015இல் பிரிட்டனில் ஐக்கிய ராஜ்ஜிய சுதந்திரக் கட்சி 12.6 விழுக்காட்டுக்கு ஒரே ஓர் இடத்தையும், ஸ்காட்லாந்தில் மட்டும் போட்டியிட்ட ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 4.7 விழுக்காட்டுக்கு 56 இடங்களையும் பெற்றதும் இதே கணக்குதான்.

இரண்டாவது விளைவு வாக்காளரின் மனத்தில் நிகழ்கிறது. நூறு பேர் வாக்களிக்கும் தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் கட்சிக்கு 40, இரண்டாவதற்கு 35, மூன்றாவதற்கு 25 என்று வாக்குகள் விழுகின்றன. மூன்றாவது கட்சியின் 25 பேரும் இரண்டாவது கட்சியை ஓரளவு ஏற்றுக்கொள்ளக்கூடியவர்கள், முதல் கட்சியை அறவே விரும்பாதவர்கள் என்றால், அவர்கள் தம் மனத்துக்குப் பிடித்தபடி வாக்களித்ததன் பலன், தாம் வெறுக்கும் கட்சி வென்றதுதான். அடுத்த தேர்தலில் அவர்களில் ஆறு பேர் இடம் மாறினாலே முடிவு மாறிவிடும். அந்த ஆறு பேரைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விதி அப்படி இருக்கையில் அவர்கள் செய்வது அறிவுக்குகந்த செயல். 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில் ஜார்ஜ் புஷ் அல் கோரை 537 வாக்கு வித்தியாசத்தில் வென்று அதன்வழி அதிபரானார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு அங்கே 97,488 வாக்குகள் விழுந்திருந்தன. நேடரின் ஆதரவாளர்கள் அனைவரும் கோருக்கே போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது, பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ஆனாலும் 'வாக்கைப் பிரித்தவர்' என்ற பழி பசுமைக் கட்சியை விட்டு இன்றளவும் நீங்கவில்லை. நான்காண்டுகள் கழித்து மீண்டும் நின்ற நேடருக்கு நாடு முழுவதும் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே கிடைத்தது.

வாக்காளர் மட்டும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்கொடை கொடுப்பவரும், அரசியலில் வளர நினைக்கும் திறமையான இளைஞரும், செய்திக்கு இடம் ஒதுக்கும் ஆசிரியரும் அதையேதான் எண்ணிப் பார்க்கிறார்கள். வெல்லாத கட்சிக்கு நல்ல வேட்பாளர் வருவதில்லை, நல்ல வேட்பாளர் இல்லாததால் கட்சி வெல்வதில்லை. தயக்கமா, பணமா, ஊடகமா, விதியா என்று நீங்கள் நான்காகப் பிரித்துக் கேட்டவற்றில் முதல் மூன்றும் கடைசியிலிருந்து முளைப்பவை என்பதே என் கருத்து.

மறுமொழி — சட்டநோக்கு

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கணக்கு மட்டும்தான் காரணம் என்று விட்டுவிட்டால், அமெரிக்காவின் இரு கட்சிகளும் தாமே எழுதிக்கொண்ட சட்டங்கள் பார்வைக்குத் தப்பிவிடும். அதே விதியைப் பின்பற்றும் பிரிட்டனில் சிறிய கட்சிகளுக்கு அவையில் சில இடங்களாவது இருக்கும்போது, அமெரிக்க நாடாளுமன்றத்தில் மூன்றாவது கட்சி அறவே இல்லாததற்கு வேறு காரணங்களும் வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெறுவதற்கான நிபந்தனைகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுக்கிறது. பெரிய கட்சிகளுக்கு அந்த இடம் தானாகவே கிடைக்கிறது. புதியவர்கள் மாநிலந்தோறும் கையொப்பம் திரட்டி, அவை செல்லாதவை என்று தொடுக்கப்படும் வழக்குகளையும் சந்தித்த பிறகே பிரசாரத்தைத் தொடங்க முடியும். 1980இல் ஜான் ஆண்டர்சன் குடியரசுக் கட்சியின் போட்டியிலிருந்து விலகிச் சுயேச்சையாக நிற்கப்போவதாக ஏப்ரல் மாதம் அறிவித்தார். ஒஹையோ மாநிலச் சட்டப்படி சுயேச்சைகள் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் மார்ச் மாதத்திலேயே முடிந்துபோயிருந்தது; பெரிய கட்சிகளோ தங்கள் வேட்பாளர்களை அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தேர்ந்தெடுக்கும். இது அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் தீர்ப்பு வந்தது 1983இல்.

மறுபுறம் 1997இல் அதே நீதிமன்றம் மின்னசோட்டா மாநிலத் தடை ஒன்றைச் செல்லும் என்றது. ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தி, இரண்டு சின்னங்களின் கீழும் விழும் வாக்குகளைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவலாக இருந்தது. வாக்கு வீணாகும் என்ற அச்சமின்றிச் சிறிய கட்சி தன் பலத்தைக் காட்ட அது உதவியது. பிற்பாடு பெரும்பாலான மாநிலங்கள் அதைத் தடைசெய்தன; நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நிலையான இருகட்சி முறைக்கு நடைமுறையில் சாதகமாக அமையும் நியாயமான விதிகளை மாநிலங்கள் வகுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை அத்தீர்ப்பு ஏற்றது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தீர்ப்பு. போட்டியிடுபவர்களில் இருவருக்குச் சாதகமான விதியை அந்த இருவரே எழுதுவதை ஒரு நீதிமன்றம் அரசின் நியாயமான அக்கறையாகப் பார்த்திருக்கக் கூடாது.

விவாத மேடையும் அப்படித்தான். அதிபர் வேட்பாளர் விவாதங்களுக்கான ஆணையத்தை 1987இல் இரு கட்சிகளின் தலைமைகளும் சேர்ந்தே உருவாக்கின. 1992இல் விவாதங்களுக்கு முன் பெரோவுக்கு ஒற்றை இலக்க ஆதரவே இருந்தது. மேடையேறிய பிறகுதான் அது உயர்ந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் இருந்து, கருத்துக்கணிப்புகளில் சராசரி 15 விழுக்காடு இருந்தால்தான் மேடை என்று ஆணையம் வைத்தது. அந்த விதி முன்பே இருந்திருந்தால் பெரோவை நாடு கேட்டிருக்கவே வாய்ப்பில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதிபர் பதவியைப் பங்குபோட முடியாது. நாடாளுமன்ற முறையில் 20 உறுப்பினர்கள் கொண்ட கட்சி கூட்டணி பேசலாம், அமைச்சர் பதவி கேட்கலாம். அமெரிக்காவில் தேர்வாளர் குழுவில் 270 வாக்குகளை யாரும் எட்டாவிட்டால், தேர்வு பிரதிநிதிகள் சபைக்குப் போகிறது; அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. அந்தச் சபையில் இருப்பவர்களோ இரு கட்சிகளின் உறுப்பினர்கள். மூன்றாமவர் அத்தனை தடைகளையும் தாண்டி வந்தாலும் கடைசிக் கதவின் சாவி போட்டியாளர்களின் கையில்தான் இருக்கிறது.

கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அதற்குள் நடக்கும் பிரைமரி தேர்தல்களும் மூன்றாவது கட்சியின் தேவையையே உறிஞ்சிவிடுகின்றன. அதிருப்தியாளர் ஒருவர் தனிக்கட்சி தொடங்குவதைவிட, இருக்கும் கட்சியின் பிரைமரியில் நின்று அதைக் கைப்பற்றுவது எளிது. டொனால்டு டிரம்ப் 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு பெரோ தொடங்கிய சீர்திருத்தக் கட்சியின் வேட்பாளராக முயன்று பாதியில் விலகினார். 2016இல் குடியரசுக் கட்சியின் வழியாக அதிபரானார். சுயேச்சையாகவே செனட்டுக்குத் தேர்வாகிவரும் பெர்னி சாண்டர்ஸும் அதிபர் பதவிக்கு முயன்ற இரண்டு முறையும் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில்தான் நின்றார்.

மறுமொழி — மறுபக்கம்

நண்பர்கள் இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் துவெர்ஜேயின் விதியை நாடு முழுமைக்கும் பொருத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த விதி வேலை செய்வது தொகுதி அளவில். ஒவ்வொரு தொகுதியிலும் போட்டி இருவருக்கு இடையே சுருங்கலாம். ஆனால் எல்லாத் தொகுதிகளிலும் அதே இருவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவில் இதே விதியின் கீழ்தான் பல பத்துக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் அமர்கின்றன. கனடாவில் 1993இல் ஆளுங்கட்சியாக இருந்த முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி 16 விழுக்காடு பெற்றும் இரண்டே இடங்களுக்குச் சுருங்க, கியூபெக் மாகாணத்தில் மட்டும் நின்ற பிளாக் கியூபெக்வா 13.5 விழுக்காட்டில் 54 இடங்களை வென்று அதிகாரப்பூர்வ எதிர்க்கட்சியானது. ஆகவே இந்த விதி மூன்றாவது கட்சியை ஒழிக்கிறது என்பதைவிட, வட்டார வேர் இல்லாத மூன்றாவது கட்சியை ஒழிக்கிறது என்பதே துல்லியம்.

தொழிற்கட்சி பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. 1900இல் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவாகத் தொடங்கிய அந்த அமைப்பு, 1903இல் லிபரல் கட்சியோடு ஓர் இரகசிய உடன்பாடு செய்துகொண்டது; குறிப்பிட்ட சில தொகுதிகளில் ஒருவருக்கு எதிராக மற்றவர் நிற்பதில்லை என்பதே அதன் சாரம். அதன் பலனாக 1906 தேர்தலில் 29 இடங்கள் வந்தன. கன்சர்வேட்டிவ் எதிர்ப்பு வாக்கு சிதறக் கூடாது என்று லிபரல்கள் விட்டுக்கொடுத்த அந்த இடங்களே பிறகு அவர்களுக்கு வினையாக முடிந்தன. சுரங்கப் பகுதிகளிலும் ஆலை நகரங்களிலும் தொழிற்சங்கங்களின் பலம் ஏற்கெனவே குவிந்திருந்தது. 1916க்குப் பின் லிபரல் தலைவர்களான ஆஸ்குவித்தும் லாயிட் ஜார்ஜும் தம் கட்சியை இரண்டாகப் பிளந்தார்கள். 1918இல் வாக்குரிமை விரிந்து, வாக்காளர் எண்ணிக்கை 80 லட்சத்துக்கும் கீழிருந்து 2 கோடியைத் தாண்டியது. 1923இல் தொழிற்கட்சிக்கு 191, லிபரல்களுக்கு 158. அடுத்த ஆண்டே லிபரல்கள் 40க்கு விழுந்தார்கள். அதுவரை வீணாகும் வாக்கு என்று தொழிற்கட்சி வாக்கைச் சொன்னவர்கள், அன்று முதல் லிபரல் வாக்கைப் பற்றி அப்படிச் சொன்னார்கள். தொழிற்கட்சி மூன்றாவதாக நிலைகொள்ளவில்லை. இரண்டாவதாக இருந்த கட்சியின் இருக்கையில் அமர்ந்துகொண்டது.

குடியரசுக் கட்சியின் கதையும் வேறல்ல. அடிமைமுறைப் பிரச்சினையில், அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி உடைந்து சிதறியபோது, 1854இல் தோன்றிய குடியரசுக் கட்சி அந்த வெற்றிடத்தை நிரப்பியது. 1860இல் நால்வர் போட்டியிட்ட தேர்தலில் 39.8 விழுக்காட்டோடு லிங்கன் அதிபரானார். பழைய கட்சிகள் எதைப் பேசாமல் தள்ளிப்போட்டனவோ, அதுவே நாட்டைப் பிளக்கும் பிரச்சினையாக வளர்ந்தபோது மட்டுமே அமெரிக்காவில் இடம் திறந்தது.

பெரிய கட்சிகள் விழித்துக்கொண்டால் இடம் திறப்பதில்லை. விவசாயிகளின் மக்கள் கட்சி 1892இல் 8.5 விழுக்காடும் தேர்வாளர் குழுவில் 22 வாக்குகளும் பெற்றது. 1896இல் ஜனநாயகக் கட்சி அவர்களுடைய வெள்ளி நாணயக் கோரிக்கையைத் தன் கொள்கையாக்கி, வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தியது. மக்கள் கட்சியும் அவரையே ஆதரிக்க வேண்டியதாயிற்று, அதோடு கரைந்தும் போயிற்று. ஆனால் அவர்கள் கேட்ட வருமான வரியும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913இல் அரசமைப்புத் திருத்தங்களாயின. ஆட்சியைப் பிடிக்காத கட்சியைத் தோற்ற கட்சி என்று எழுதிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தேடல் எழுதியது

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாக்குகள் எங்கே குவிகின்றன என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இதையொட்டி ஒன்று கேட்கிறேன். வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் வாக்குமுறை வந்தால் 'வாக்கைப் பிரித்தவர்' என்ற பழி நீங்கிவிடும் அல்லவா? அப்படியானால் மூன்றாவது கட்சிக்கு வழி பிறக்காதா?

மறுமொழி — எண்ணும் எழுத்தும்

பழி நீங்கும், ஆனால் இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மெய்ன் மாநிலத்தின் இரண்டாவது தொகுதியில் 2018இல் நடந்ததைப் பாருங்கள். முதல் விருப்ப வாக்குகளில் குடியரசுக் கட்சியின் புரூஸ் போலிக்வின் 46 விழுக்காட்டைச் சற்றே தாண்டி முன்னணியில் இருந்தார். ஜனநாயகக் கட்சியின் ஜேரட் கோல்டன் அவருக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே பின்தங்கியிருந்தார். சுயேச்சைகள் இருவருக்கும் சேர்த்து 8 விழுக்காடு. அவர்கள் நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பங்கள் பகிரப்பட்டபோது, கோல்டன் 50.6 விழுக்காட்டில் வென்றார். சுயேச்சைக்கு முதல் வாக்கை அளித்தவரின் குரல் இறுதிவரை கணக்கில் இருந்தது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் வென்றவர் பெரிய கட்சிக்காரர்தான்.

ஆஸ்திரேலியா இதே முறையைக் கீழவையில் நூறாண்டுகளுக்கு மேலாகப் பின்பற்றுகிறது. 2022இல் பசுமைக் கட்சி 12 விழுக்காட்டுக்கு மேல் முதல் விருப்ப வாக்குகளைப் பெற்றும் 151 இடங்களில் 4ஐத்தான் வென்றது. தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற விதி மாறாதவரை, இரண்டாமிடத்துக்குப் பரிசு இல்லை என்ற அடிப்படையும் மாறாது. அந்நாட்டு மேலவையில் ஒரு மாநிலத்துக்குப் பல உறுப்பினர்களை விகிதாச்சாரப்படி, அதாவது கட்சிகள் பெற்ற வாக்குகளின் பங்குக்கேற்ப, தேர்ந்தெடுப்பதால், அதே கட்சி அங்கே தொடர்ந்து வலுவாக இருக்கிறது. ஆகவே நான் முதன்மையாக மாற்றச் சொல்வது தொகுதியின் அளவைத்தான். அமெரிக்காவில் அது 1967இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தைத் திருத்துவதாகும். பிரதிநிதிகள் சபைக்குத் தொகுதிக்கு ஒருவர் என்பதை அந்தச் சட்டமே கட்டாயமாக்குகிறது, அரசமைப்பு அல்ல.

மறுமொழி — சட்டநோக்கு

அந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டியவர்கள், இருக்கும் விதியால் வென்று வந்தவர்கள் என்பதுதான் தடை. எனவே விதி மாறிய நாடுகளில் அது ஏன் மாறியது என்று பார்ப்பது பயன் தரும். ஆஸ்திரேலியாவில் 1918ஆம் ஆண்டு ஸ்வான் இடைத்தேர்தலில் ஆளுந்தரப்பு வாக்குகள் பிரிந்து, தொழிற்கட்சி வேட்பாளர் மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்தே வென்றுவிட்டார். அதே ஆண்டு ஆளுந்தரப்பே விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தது. வாக்குப் பிரிவின் வலி பெரிய கட்சிக்கு வந்தபோதுதான் மருந்தும் வந்தது.

நியூசிலாந்தில் 1978, 1981 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் தொழிற்கட்சி அதிக வாக்கு பெற்றும் தேசியக் கட்சியே ஆட்சி அமைத்தது. 1981இல் சமூகக் கடன் கட்சி 20.7 விழுக்காட்டுக்கு இரண்டே இடங்களைப் பெற்றது. அநீதி இரண்டாவது கட்சியையும் தொட்டதால், விசாரணை ஆணையம் அமைந்து 1986இல் கலப்பு விகிதாச்சார முறையைப் பரிந்துரைத்தது. 1992, 1993 ஆண்டுகளின் பொது வாக்கெடுப்புகளில் மக்கள் அதை ஏற்க, 1996 தேர்தல் புதிய முறையில் நடந்தது. 5 விழுக்காடு வாக்கோ ஒரு தொகுதி வெற்றியோ இருந்தால், வாக்குக்கேற்ற பங்கு அவையில் உண்டு. 2011ஆம் ஆண்டில் பிரிட்டன், நியூசிலாந்து ஆகிய இரு நாடுகளிலும் வாக்குமுறை பற்றிய கேள்வி மக்களிடம் போனது. விகிதாச்சாரமே இல்லாத விருப்ப வரிசை முறையைக்கூடப் பிரித்தானிய வாக்காளர்கள் 67.9 விழுக்காட்டில் நிராகரித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் புதிய முறையில் வாழ்ந்து பார்த்த நியூசிலாந்து வாக்காளர்கள் 57.8 விழுக்காட்டில் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.